ஒரு கை எள்ளுத் தண்ணீர்

கோவிந்தசாமிக்கு முதன்முதலில் துரோகம் செய்தவன் வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அண்ணன் தங்கராஜுதான்.

"இங்கேயே நில்லு, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று கிளிபர்ட் பியர் படகுத்துறை வாசலில் தம்பியை நிறுத்திவிட்டுப் போனவன். அது ஜப்பான்காரன் காலம். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிற லாரி அந்தப் பக்கம் வந்துபோனதாகப் பிறகு சொன்னார்கள். பத்தொன்பது வருஷம் ஆகிறது. அந்த அஞ்சு நிமிஷம் இன்னும் முடிந்தபாடில்லை.

ஆடி அமாவாசை. பியருக்குப் பக்கத்துக் கல்படியில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள்.

"தண்ணி மேல ஏறுறதுக்குள்ள உட்காருப்பா" என்றார் இராமசாமி மாமா. பண்டாரத்தைக் கூட்டி வந்தவரும் அவர்தான். "உங்க அண்ணனுக்கு ஆம்பளைப் பிள்ளை இல்லை. எள்ளும் தண்ணியும் தம்பி நீதான் விடணும்."

"விட மாட்டேன்."

"என்னது?"

"ஒரு சொட்டு விட மாட்டேன். அவன் எனக்குப் பதில் சொல்லணும்."

"சயாமுக்குப் போனவன் எங்கேப்பா வந்து பதில் சொல்றது?"

"அன்னிக்கு என் புதுச் சட்டையை மாட்டிக்கிட்டுப் போனான் மாமா. ஒரு வார்த்தை கேட்கலை. நான் இருட்டுற வரைக்கும் இங்கேயே நின்னேன். ஜப்பான்காரன் கன்னத்துல அறைஞ்சான். அப்பவும் நகரலை."

"அடேய், ஒரு சட்டைக்காகவாடா கூடப் பிறந்தவனைத் தாகத்தோட அலைய விடுறே!"

"எனக்கு இன்னும் ரெண்டு இடம் போகணுங்க" என்றார் பண்டாரம், தர்ப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு.

தங்கராஜுவின் மனைவி பூவம்மா சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். எல்லோரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் படகு வந்து பியரில் ஒட்டியது. கோவிந்தசாமி சண்டையை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். கோழிக்கூடையோடு ஒரு சீனக் கிழவி இறங்கினாள். இரண்டு கப்பல்காரர்கள். தொப்பி போட்ட ஒரு மலாய்க்காரர். கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தார்.

பிறகு திரும்பி ஊரைப் பார்த்தார். போன வருஷம் சாரம் கட்டியிருந்த இடத்தில் இப்போது ஒரு கட்டடம் ஒரே கண்ணாடி ஜன்னலாக மின்னியது. பக்கத்தில் இன்னொன்றுக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். இந்த வேகத்தில் போனால், வருகிறவனுக்கு எந்த இடத்தில் நிற்கச் சொன்னோம் என்று அடையாளம் தெரியுமா?

"கல் நெஞ்சுடா உனக்கு!" என்றார் மாமா. "நாளைக்கு உன் பிள்ளைங்களும் உனக்கு இதேதான் செய்யும், பாரு!"

பண்டாரம் எள்ளை மடித்துப் பைக்குள் வைத்தார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

பஸ்ஸுக்கு நடக்கும்போது மனைவி முத்தாயி பொரிந்து தள்ளினாள்.

"பத்தொன்பது வருஷமாவா ஒரு மனுஷனுக்குக் கோபம் இருக்கும்? நாளைக்குத் தேக்கா மார்க்கெட் பூரா இதே பேச்சாத்தான் இருக்கும். நான் எப்படித் தலை காட்டுறது?"

"பேசட்டும் லா."

"ஒரு கை தண்ணி. விட்டிருந்தா நீங்க என்ன குறைஞ்சா போயிருப்பீங்க?"

கோவிந்தசாமி நின்றார். நாலடி முன்னால் பூவம்மா முந்தானையால் முகத்து வேர்வையை ஒற்றிக்கொண்டிருந்தாள், நெற்றிக் குங்குமம் கலைந்துவிடாமல், பார்த்துப் பார்த்து.

"நான் அங்கே தண்ணியை விட்டிருந்தா, இந்நேரம் அண்ணி பொட்டை அழிச்சிருப்பாங்க, முத்தாயி. யாரும் ஒண்ணும் விட வேண்டாம். அண்ணன் வந்து எனக்குப் பதில் சொல்லட்டும்."