ஊமை ஜமீன்

“பாய், நெஜமாவே ஒருத்தர்கூட எழுந்து போகலையா?”

பராங்குசம் ஆவலோடு கேட்டார். மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் நசுங்கி, திருவண்ணாமலை டூரிங் கொட்டகைக்கு அவர் வந்ததே இதைக் கேட்கத்தான்.

“அசையமாட்டாங்க சார். வருசா வருசம் தீபத்தன்னிக்கி இந்தப் படந்தான். கொட்டகை ஃபுல். விடியற வரைக்கும் சத்தமே இருக்காது. கொழந்தைங்ககூட அழாது” என்றார் கொட்டகை முதலாளி மதார் சாகிப்.

‘ஊமை ஜமீன்’ பழைய கறுப்பு வெள்ளைப் படம். இருட்டு அரண்மனை, அதில் வாயே திறக்காமல் உலவும் ஜமீன்தாரிணி, அவளைப் பிடித்தது பேயா பைத்தியமா என்ற குழப்பம். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. மெட்ராஸில் மூன்றே நாள் ஓடியது. பராங்குசம் போல் பழைய படம் சேகரிப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்? யாரும் பார்க்காத படமென்றால் உயிரையே விடுவார்கள். அவர்கள் சங்கத்துப் பொன்னுரங்கம் ஏதோ ஒரு படத்தின் பாதி ரீலை வைத்துக்கொண்டே இரண்டு வருடமாக ஆட்டம் போடுகிறான். இந்தக் கொட்டகையில் இருக்கும் ‘ஊமை ஜமீ’னின் ஒரே பிரதியோடு போய் அவன் வாயை அடைக்காவிட்டால் பராங்குசத்துக்குச் சோறு இறங்காது.

“பெஞ்சு டிக்கெட் நல்லா போகுமா?”

“சீண்டமாட்டாங்க சார். எல்லாருக்கும் தரை டிக்கெட்தான் வேணும். அடிச்சுக்குவாங்க.”

திரைக்குப் பக்கத்தில் உட்கார என்ன துடிப்பு!

“கடைசியில அவ ஒரேயொரு தடவ அலறுவாளாமே?”

“அத மொத வருசமே வெட்டிட்டோம். ஜனங்க பதறிப்போயி என்னையே அடிக்க வந்துட்டாங்க.”

பராங்குசத்துக்குப் புல்லரித்தது. மெட்ராஸ் மேதாவிகளுக்குப் பிடிபடாத மனோதத்துவம், மலை சுற்ற வந்த ஜனங்களுக்குப் புரிந்திருக்கிறது!

“படப் பொட்டிய எனக்குக் குடுத்துடுங்க பாய். பதிலுக்குப் புதுப் படமே தரேன். கலர்! ஆறு சண்டை, எட்டுப் பாட்டு!”

“ஐயய்யோ, அது தீபத்துக்கு ஆவாது சார்!”

பாமரனுக்குள் இப்படியொரு ரசனையா! பராங்குசம் கண் கலங்கி அவர் கையைப் பற்றிக்கொண்டார். “இந்தப் படத்துல அப்படி என்னதான் இருக்கு பாய்? உங்க வாயால சொல்லுங்க. சங்கத்துல அப்படியே பேசறேன்.”

மதார் சாகிப் அவரை விநோதமாகப் பார்த்தார்.

“இன்னா சார், தெரியாத மாதிரி கேக்கறீங்க? தீபத்தன்னிக்கி ஊர்ல ஒரு லாட்ஜுலயும் எடம் கெடைக்காது. மலை சுத்திட்டு கால் வலியோட வர்ற ஜனங்க, நான் சண்டையும் பாட்டும் போட்டா எங்க போய்த் தூங்குவாங்க?”