எமனுக்குச் சொன்ன பொய்

பட்டணத்து ஜனன மரண ஆபீஸில், குமாஸ்தாவின் மேசைக்கு முன்னாலுள்ள கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பூங்காவனம் நிற்கிறாள். குண்டு விழும் பயத்தில் கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். கிழிந்த இடத்தில் மட்டும் வெயில் கீறலாக விழுகிறது. அவள் மகன் கோதண்டத்துக்குப் பதினைந்து வயது. முளைத்த மீசையைக் காட்டிப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். ஆவடி முகாமிலிருந்து நாளைக்கு ரயில், பர்மா பக்கம். வயதுக்குச் சாட்சியாக ஒரு காகிதம் காட்டினால் விட்டுவிடுவார்களாம். எச்சில் தொட்டுப் பழைய பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்த குமாஸ்தாவின் விரல் ஒரு வரியில் நிற்கிறது.

“சூளை. தாயார் பூங்காவனம். ஆம்பளப் புள்ள.”

“அதான் சாமி, எம்புள்ளதான்!”

“செத்துப் பொறந்துதுன்னு போட்டிருக்கேம்மா.”

கம்பியில் அவள் வளையல்கள் மோதி மோதி ஒலிக்கின்றன. “நாந்தான் சாமி அப்டிச் சொன்னேன். முன்ன பெத்த ரெண்டும் தங்கல. இதுவும் போயிட்ச்சின்னு எமன் நெனச்சிக்கட்டும்னு, ஊட்டாண்ட பொறப்பு எழுத வந்தவர்கிட்ட பொய் சொன்னேன். இப்போ கல்லுகுண்டாட்டம் கீறான் சாமி.”

குமாஸ்தா அவளையே பார்க்கிறார். பிறகு குரலைத் தாழ்த்துகிறார். “இதுல இன்னா கீதோ அதத்தான் நான் நகல் எழுதித் தர முடியும். எழுதட்டா?”

பேனா மைக்கூட்டில் முங்கி எழுந்து காகிதத்தைத் தொடப் போகிறது. பூங்காவனம் கம்பிக்குள் கைவிட்டு அதன் முனையைப் பொத்துகிறாள். மை விரலிடுக்கில் கசிகிறது.

“வாணாம் சாமி. செத்தான்னு இன்னொரு வாட்டி எழுதாதீங்க. அவன் நாளைக்கு ரயில் ஏறணும்.”