நான்கு எலுமிச்சம்பழங்கள்

பன்னிரண்டு பழைய கார்கள் ஏறி வந்தால், கல்வராயன் மலையின் பழைய பந்தயச் சாலையை மூடாமல் பாதுகாக்கலாம் என்றிருந்தார் அதிகாரி ஜெயசுதா. வந்தவை பதினொன்று. அடிவாரத்தில் கொடியசைக்கும் கொளஞ்சியம்மாள், சின்னசேலத்தில் வாங்கிய ஐம்பது எலுமிச்சம்பழங்களில் நாற்பத்து நான்கைச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். கார்கள் நசுக்கிவிட்டுக் கிளம்பின.

நசுங்கியவற்றைப் பெருக்க வந்தபோது, மீதி ஆறு இருக்க வேண்டிய பையில் இரண்டே பழங்கள் இருந்தன. கடைசிக் காருக்குப் பின்னால், எந்த வண்டியும் நிற்காத இடத்தில், நான்கு பழங்கள் நசுங்கிக் கிடந்தன. சைக்கிள் டயரைவிடக் கொஞ்சமே அகலமான இரண்டு டயர்த்தடங்கள் மலைப்பக்கம் போயின.

உச்சியிலிருந்து ஜெயசுதா போன் செய்தார்.

“பதினொண்ணு வந்துடுச்சும்மா. அவ்ளோதானே? சாலையை மூடச் சொல்லிக் கையெழுத்து போட்டுடவா?”

“இருங்க மேடம். இன்னொண்ணு வந்துகினு இருக்குது.”

போனுக்குள், உச்சியில், அந்தக் காலத்து ரப்பர் ஹாரன் இரண்டு முறை ஒலித்தது.