பட்டியலில் இல்லாதவர்

விஞ்ஞானி ஸ்டெல்லா சமையலறையில் பேசியதை எல்லாம் ஒட்டுக்கேட்கும் சுவர் ஒரு வார்த்தை விடாமல் எழுதி அனுப்பியிருந்தது. அந்தத் தாள்களோடு, ஆய்வுக்கூடத்தின் ரகசியம் காக்கும் விசுவாசப் பிரிவு அதிகாரி இளவழகன் காலையிலேயே குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டார்.

“அருளப்பன்கிட்ட எரிபொருள் சோதனையைப் பத்தி அரைமணி நேரம் பேசியிருக்கீங்க, மேடம்.”

“அவர் என் வீட்டுக்காரர். போன வருஷம் தவறிட்டாரு.”

“தெரியும். உயிரோட இருந்தவரைக்கும் அனுமதிப் பட்டியல்ல அவர் பேர் இருந்துச்சு. இறந்ததும் எடுத்துட்டோம். இப்ப அவர் வெளியாள்.”

“கல்லறையில இருக்கிறவரு யார்கிட்ட தம்பி போய்ச் சொல்லுவாரு?”

இளவழகன் அவள் முகத்தைப் பார்க்காமல் உறுதிமொழித் தாளை நீட்டினார். “வேலையைப் பத்தி மட்டும் அவர்கிட்ட வேண்டாம் மேடம். மத்தபடி என்ன வேணாலும் பேசுங்க.”

மறுத்தால் ஆய்வுக்கூடத்துக்குள் மறுபடி கால் வைக்க முடியாது. ஸ்டெல்லா கையெழுத்துப் போட்டாள்.

அவர் போனதும் அருளப்பனின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள். “இன்னைக்கு முருங்கைக்காய் வாங்கினேன்” என்றாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. முப்பது வருடமாக அந்த மேசையில் இருவரும் சோதனைகளைத் தவிர வேறெதையும் பேசியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அருளப்பன் கோபித்ததும் கொஞ்சியதும்கூட அந்தச் சோதனைகளின் எண்களை வைத்துத்தான்.