நீலகண்டய்யரின் ‘டிட்’

“இன்னைக்கு அய்யர் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை வரலேன்னா, இந்த மாலையை நான் போட மாட்டேன், பாத்துக்கோ” என்றார் அழகியநம்பி பிள்ளை.

மேஜைமேல் இருந்த பிச்சிப்பூ மாலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பியூன் வேலாயுதன் சிரித்தான். “தமிழ் மறந்து போயிருக்கும் சாரே. சீமையில ஜனிக்க வேண்டிய ஆளாக்கும்.”

1936. திருவனந்தபுரம் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸ். ஹெட் கிளார்க் நீலகண்டய்யருக்கு அன்று பிரிவு உபசாரம். மாலை போடுகிற உரிமை நம்பிக்குத்தான். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து தலை நரைத்தவர்கள்.

அய்யருக்குப் பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். ஆனால் வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். அதிலும் ஒரு தினுசு. ‘வந்தேன்’ என்று சொல்ல ‘ஐ கேம்’ போதாது அவருக்கு. ‘ஐ டிட் கம்’ என்பார். ‘வேண்டும்’ என்றால் ‘ஐ டூ வான்ட்’. நீ வரவே இல்லை என்று எவனாவது சாதித்தால், வந்தேன்தான் என்று அடித்துச் சொல்வதற்காக ஏற்பட்டது அந்த ‘டிட்’. பள்ளிக்கூடத்தில் நான்காம் பாரம் படிக்கிற பையனுக்கும் அது தெரியும். அய்யரோ யாரும் மறுக்காத இடத்திலும் போடுவார். வாய்க்காலைத் தாண்டுகிறவன் நடுவில் கிடக்கும் கல்லில் ஒரு காலை ஊன்றி எம்புவான் அல்லவா? அப்படி அந்த ‘டிட்’டில் ஒரு எம்பு எம்புவார். பிறகு பேச்சு மடமடவென்று போய்விடும். ஆபீசில் அவருக்கு ‘டிட் அய்யர்’ என்றே பேர்.

வேடிக்கை என்னவென்றால், அவர் எழுதுகிற டிராஃப்டில் தேடினாலும் ஒரு ‘டிட்’ கிடைக்காது. துடைத்து வைத்த மாதிரி இங்கிலீஷ். அப்படியானால் பேச்சில் மட்டும் எதற்கு? நாலு பேர் பார்க்கட்டும் என்கிற மிடுக்குதான் என்று நம்பி எப்போதோ தீர்மானித்துவிட்டார்.

குரல் இல்லாத மனிதரா என்றால் அதுவும் இல்லை. ஸ்ரீவராகம் கோயிலில் நாலு பேரோடு சேர்ந்து வேதம் சொல்லும்போது அவர் குரல்தான் கணீரென்று முன்னால் நிற்கும். வீட்டில் பேச்செல்லாம் அவர் சம்சாரம் வாலாம்பாள். “அவர் தலையை ஆட்டினாப் போறும், மீதியை நான் பேசிக்கறேன்” என்பாள் மாமி, நம்பியின் இலையில் இன்னொரு அடையைப் போட்டபடி.

அத்தனைக்கும் எப்பேர்ப்பட்ட சிநேகிதம் அது. ஜூன் மாசத்து இடவப்பாதி மழையில் இருவரும் ஒரே குடைக்குள், நம்பியின் வீடு இருக்கும் கரமனை வரை நடப்பார்கள். வழியெல்லாம் நம்பி பேசுவார், அய்யர் கேட்பார். குடை எப்போதும் நம்பி பக்கமே சாய்ந்திருக்கும். ஸ்ரீவராகத்தில் குடியிருக்கும் அய்யருக்குக் கரமனையில் ஒரு வேலையும் கிடையாது. ஆற்றுப் பாலத்தருகே நம்பியை விட்டுவிட்டு, நனைந்த தோள் சொட்டச் சொட்டத் திரும்பிப் போவார்.

அதே மனுஷன்தான் நம்பியின் மனைவி பகவதி செத்த அன்று வந்தார். நாஞ்சில்நாட்டுச் சொந்தக்காரர்கள் முற்றம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அய்யர் நம்பியின் கையைப் பிடித்தார். உதடு துடித்தது. கடைசியில் வந்தது இதுதான்: “ஐ டூ ஃபீல் இட். ஐ டூ.”

ஒரு பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் ‘நம்பி’ என்று கூப்பிட்டதே இல்லை.

“எழவு வீட்டுலயும் தொரைக்குத் தமிழ் எறங்கலியோ” என்று ஒரு மச்சினன் கேட்டான். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பகவதி போன துக்கம்கூட நாளாக ஆக ஆறியது. அந்தக் கேள்வி ஆறவில்லை.

உபசாரக் கூட்டம் ஆரம்பமாயிற்று. சூப்பரின்டெண்ட் பேசினார். வேலாயுதன் ஒரு பாட்டுப் பாடினான். பிறகு நம்பி மாலையோடு எழுந்தார். குடையைப் பற்றிச் சொன்னார், மாமியின் அடையைப் பற்றிச் சொன்னார். சபை சிரித்தது. அய்யரின் கண் கலங்கியிருந்தது. நம்பி அவர் எதிரே போய் நின்றார். மாலையை மட்டும் போடவில்லை.

“அய்யரே, நான் வேற ஒண்ணும் கேக்கல. ‘நம்பி, போயிட்டு வாறேன்’னு நம்ம பாஷையில ஒரு தடவை சொல்லும். அது போதும் எனக்கு.”

அய்யர் எழுந்தார். “ஐ டிட்...”

“அந்த ‘டிட்’ வேண்டாம் ஓய். என்னைச் சேக்காளியா நெனச்சிருந்தா சொல்லும். இல்லேன்னா விட்டுரும். நானும் விட்டுருதேன்.”

அய்யர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தார், நம்பியைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

“ந...”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“ந... ந... ந...”

கண்ணை இறுக மூடிக்கொண்டார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. கால் ஊன்றி எம்ப அந்தக் கல் இல்லாமல், ஆயுசு முழுக்க மறைத்து வைத்த திக்குவாய் அத்தனை பேர் முன்னிலையிலும் ‘நம்பி’ என்கிற ஒரே பேரில் முட்டி முட்டி நின்றது.

நம்பி மாலையை அவர் கழுத்தில் போட்டு, அப்படியே கட்டிக்கொண்டு, அவரிடம் அதுவரை பேசியே இராத இங்கிலீஷில் காதோடு சொன்னார்:

“யூ டிட் ஸே, அய்யரே. யூ டிட்.”