ஈரலில் எழுந்த சுவர்

குடிகாரக் கணவரின் ஈரலில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்து ஒரு வாரமாகியிருந்தது. மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மனைவி, அவரை அங்கேயே வரவழைத்து மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள்.

"என்னங்க தெரியுது?"

"தேன்கூடு மாதிரி அறை அறையா இருக்கு. சுத்திச் சுத்திச் சுவரு."

"மனுஷ ஈரல்ல சுவர் இவ்வளவு பளிச்சுனு தெரியக்கூடாது. தெரிஞ்சா ஈரல் இறுகிப்போச்சுன்னு அர்த்தம்."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வீட்டுக்குப் போனதும், பரணில் ஒளித்து வைத்திருந்த பாட்டில்களைத் தானே எடுத்து வாஷ்பேசினில் கவிழ்த்தார்.

மறுநாள் ஆய்வகத் தோழி கேட்டாள்: "உன் வீட்டுக்காரர் பேயறைஞ்ச மாதிரி போனாரே. அவர் ஈரல் அவ்வளவு மோசமா?"

"ரிப்போர்ட் வந்துடுச்சு. கொஞ்சம் கொழுப்பு இருக்காம், அது எனக்கே தெரியும். மத்தபடி நல்லாத்தான் இருக்கு. அதைச் சொன்னா, கொண்டாடறேன்னு இன்னொரு பாட்டில் திறப்பாரு."

"அப்போ நேத்து அவர் பார்த்தது?"

"யாரோடதுன்னு அவரும் கேட்கல, நானும் சொல்லல."

மாணவர்களுக்கு மைக்ராஸ்கோப்பில் காட்டும் கண்ணாடி ஸ்லைடுகளின் பெட்டியை மனைவி மூடி வைத்தாள்.

"நல்ல ஆரோக்கியமான பன்னி. அதுங்களுக்கு அந்தச் சுவர் பிறவியிலேயே உண்டு. பாவம், ஒரு சொட்டுகூடக் குடிச்சிருக்காது."