மாதிரிக் கூட்டை எங்கே மாட்டுவது

தூக்கணாங்குருவி செம்பியும் அவள் வீட்டுக்காரன் மஞ்சனும் வாசல் மட்டும் பாக்கியாக ஒரு மாதிரிக் கூடு பின்னினார்கள். அதை யாரும் பார்த்துப் பின்னலாம், பிழை கண்டால் திருத்தலாம்.

“ஆலமரத்துல மாட்டுவோம், எல்லாரும் வர்ற இடம்,” என்றாள் செம்பி.

“நாளைக்கே ஆலமரம் நம்மள விரட்டினா? நமக்குத் தனி ஈச்சமரம் போதும் புள்ள,” என்றான் மஞ்சன்.

ஈச்சமரத்திலேயே மாட்டினார்கள். பாம்பை விரட்டவும் அறுந்த நாரை முடியவுமே பொழுது சரியாகப் போனது. ஒரு குருவியும் எட்டிப் பார்க்கவில்லை. கூட்டின் வாசல் பாதியில் நின்றது.

“இருக்கிறது ரெண்டு அலகு. காவல் காக்கவா, பின்னவா? அங்கேன்னா காவலை ஆலமரம் பாத்துக்கும்,” என்று செம்பி கூட்டை ஆலமரத்துக்கே தூக்கிப் போனாள்.

அந்த வாரமே தோப்புக் குருவி ஒன்று வாசலைப் பின்னி முடித்தது. மற்றவை பார்த்துப் போய்த் தங்கள் மரங்களில் பின்னின.

“மரம் விரட்டினா?” மஞ்சன் விடவில்லை.

“விரட்டட்டும்யா. நம்ம கூடு இப்போ நாலு மரத்துல தொங்குது. நாரை எடு, அடுத்ததைப் பின்னுவோம்.”